டேபிள் மனப்பாடம், வாக்கியம் பூஜ்யம்: கம்பேரட்டிவ், சூப்பர்லேட்டிவை எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: மூணாங்கிளாஸ் அப்பா

வணக்கம். பொண்ணுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. இரண்டு வாரமாக வீட்டில் ஆங்கில இலக்கணத்தின் கம்பேரட்டிவ் (ஒன்றை விட ஒன்று), சூப்பர்லேட்டிவ் (எல்லாவற்றிலும் முதல்) பாடுதான். டால், டாலர், டாலஸ்ட் (காசு டாலர் இல்லை, உயரம்), பிக், பிக்கர், பிக்கஸ்ட், குட், பெட்டர், பெஸ்ட் என்று மும்மூன்றாக டேபிள் போட்ட நாற்பது வார்த்தையையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சரி, வந்துவிட்டது என்று நினைத்து, மேசை மேல் கிடந்த இரண்டு பென்சிலைக் காட்டி ஒரு வாக்கியம் சொல்லு என்றேன். "திஸ் பென்சில் இஸ் லாங் தேன் தட் பென்சில்" என்றாள். லாங்கா, லாங்கரா என்று கேட்டதும் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு "மோர் லாங்கர்" என்றாள். மறுநாள் அதே பென்சில், "தட் பென்சில் தேன் திஸ் பென்சில் லாங்". தமிழில் நினைத்து வார்த்தைக்கு வார்த்தை மாற்றுகிறாள் என்று எனக்கே தெரிகிறது, ஆனால் அதை எந்த இடத்தில் பிடித்து நிறுத்துவது என்று தெரியவில்லை.

நடுவில் நான் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். நேரில் காட்டினால் புரியும் என்று அவளையும் தம்பியையும் சுவர் ஓரமாக நிற்க வைத்து, ஹூ இஸ் டாலர், ஹூ இஸ் ஷார்ட்டர் என்று கேட்டேன். அவனுக்கு ஐந்து வயது. "ஷார்ட்டர்" என்று அக்கா அவனைக் கைகாட்டியதும் அழுதுகொண்டே உள்ளே ஓடிவிட்டான், அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. டேபிளை முதலில் படிக்க வைப்பதா, வாக்கியத்தையா? அப்புறம் எங்கே ஈ.ஆர். சேர்க்க வேண்டும், எங்கே மோர் போட வேண்டும் என்பதற்கு ஒரு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி வழி உண்டா? நான் காதுக்குச் சரியாகப் படுவதை வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், ஏன் என்று கேட்டால் விழிக்கிறேன்.

---

பதில்: சாக்பீஸ்

டேபிளைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள் சார். உங்கள் பொண்ணு தப்பு செய்யவில்லை, ஒழுங்காக மொழிபெயர்த்திருக்கிறாள், அதுதான் விஷயமே.

தமிழில் எப்படிச் சொல்வோம்? "இந்தப் பென்சில் அந்தப் பென்சிலை விட நீளம்." இதில் நீளம் என்ற சொல்லுக்கு ஏதாவது ஆனதா? ஒன்றும் ஆகவில்லை. தனியாக இருந்தாலும் நீளம், ஒப்பிட்டாலும் நீளம், ஊரிலேயே பெரிய பென்சிலாக இருந்தாலும் நீளம்தான். ஒப்பிடுகிற வேலை மொத்தத்தையும் "ஐ விட" பார்த்துக்கொள்கிறது, அதுவும் தோற்கிற பென்சிலின் முதுகில் ஏறிக்கொண்டு. ஆங்கிலத்தில் அந்த வேலை இரண்டு இடத்தில் நடக்கிறது: பண்பைச் சொல்லும் வார்த்தைக்கு ஒரு வால் முளைக்கிறது, தோற்கிற பொருளுக்கு முன்னால் தேன் வந்து உட்காருகிறது. குழந்தை "விட"வுக்குச் சமமாக தேனைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறது. அதனால்தான் "லாங் தேன்". நீங்கள் முறைத்ததும் இன்னும் எதையோ போட வேண்டும் போல என்று தெரிந்ததை எல்லாம் அள்ளிப் போடுகிறது. அதனால்தான் "மோர் லாங்கர்".

டேபிள் இதற்கு உதவாது, ஏனென்றால் டேபிளில் தேனே கிடையாது. மூன்று வார்த்தை வரிசையாக நிற்கும், எதற்கு நிற்கிறது என்று குழந்தைக்குத் தெரியாது. அதைப் பாட்டு மாதிரி ஒப்பிக்கலாம், பேச முடியாது.

நான் செய்வது இது. ஒரு சீட்டில் தேன் என்ற ஆங்கில வார்த்தையைக் கொட்டை எழுத்தில் எழுதி மேசை நடுவில் வைப்பேன். இடப்பக்கம் ஒரு பென்சில், வலப்பக்கம் ஒரு பென்சில். லாங், ஷார்ட் இரண்டுக்கும் தனித்தனி அட்டை. ஈ.ஆர். என்று ஒரு சின்னத் துண்டு, ஒட்டி ஒட்டி எடுக்கிற மாதிரி. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: தேன் சீட்டு மேசையில் இருக்கும்வரை ஈ.ஆர். துண்டும் இருந்தே ஆக வேண்டும், ஒன்றை எடுத்தால் மற்றதையும் எடுக்க வேண்டும். இடப்பக்கத்துப் பென்சிலில் ஆரம்பித்துச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் பென்சில்களை இடம் மாற்றுங்கள், சீட்டைத் தொடாதீர்கள். இப்போது லாங்கர் ஷார்ட்டர் ஆகிவிட்டது, தேன் அசையவே இல்லை. பத்து தடவை மாற்றி மாற்றி வைத்தால் கைக்கே பழகிவிடும். தமிழில் "விட" தோற்றவனுக்குப் பின்னால் வரும், இங்கே தேன் தோற்றவனுக்கு முன்னால் வரும் என்பதை நான் வாயால் சொல்வதே இல்லை, மேசையே சொல்லிவிடும்.

மூன்றாவது பென்சிலை அவசரப்பட்டு எடுக்காதீர்கள், இரண்டு மூன்று நாள் போகட்டும். எடுக்கும்போது நீளத்தில் நடுவாக இருக்கிற ஒன்றை எடுத்து, இது லாங்கரா ஷார்ட்டரா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்தக் கேள்விக்கு முழிக்கிற நேரம் இருக்கிறதே, அதில்தான் மொத்தப் பாடமும் இருக்கிறது.

அப்புறம், பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு இந்தப் பாடத்தை நடத்தவே கூடாது. நானும் ஆரம்பத்தில் வகுப்பில் வரிசையாக நிறுத்தி நடத்தியவன்தான். கடைசியில் நிற்கிற பிள்ளைக்கு அன்றைக்கு என்ன இலக்கணம் ஏறும்? செருப்பு, பை, பென்சில், புத்தகம் என்று வீட்டில் எவ்வளவோ இருக்கிறது, அதெல்லாம் அழாது.

---

பதில்: நேர்பேச்சு

எல்லாம் சரி, ஆனால் டேபிளை மூடு என்பது கொஞ்சம் ஓவர். நாங்கள் எல்லாம் டேபிள் ஒப்பித்துத்தான் வந்தோம், இன்றைக்கு ஆபீசில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். பேட், வர்ஸ், வர்ஸ்ட் என்பதை எந்தப் பென்சிலை வைத்துக் கண்டுபிடிப்பாள்? மனப்பாடம்தான் செய்ய வேண்டும். பரிட்சையில் மூன்று கட்டம் போட்டு நடுக்கட்டத்தை நிரப்பு என்றுதான் கேட்கிறார்கள், மேசையில் சீட்டு வைத்து யாரும் கேட்பதில்லை. மூணாங்கிளாஸ் அப்பா, இரண்டையும் ஓட்டுங்கள்.

---

பதில்: இரட்டைவால் அம்மா

எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி, ஆனால் இதோடு சேர்ந்ததுதான். என் பெரியவனுக்கு வாக்கியம் அழகாக வந்தது, ஈ.ஆர்., தேன் எல்லாம் சரியாகப் போட்டான், நானும் நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் தரையில் இரண்டு எறும்பு போனது. ஒன்று பெரிய கட்டெறும்பு, ஒன்று சின்னது. "விச் ஒன் இஸ் பிக்கர்" என்று கேட்டேன். இரண்டையும் குனிந்து பார்த்துவிட்டு, "எதுவும் பிக்கர் இல்லம்மா, எறும்பு ஸ்மால்" என்றான்.

அப்போதுதான் உறைத்தது. அவன் மனதில் பிக்கர் என்றால் "ரொம்பப் பெரியது". பிக்கை விடக் கொஞ்சம் பெரிய சைஸ், பிக்கஸ்ட் அதற்கும் மேலே, சட்டை அளவு மாதிரி மூன்று சைஸ் என்று நினைத்திருக்கிறான். தப்பு அவனுடையது இல்லை. அவன் பார்த்த படம் எல்லாம் யானையும் எறும்பும், ஒட்டகச்சிவிங்கியும் எலியும். யானை எப்படிப் பார்த்தாலும் பெரியது, எறும்பு எப்படிப் பார்த்தாலும் சின்னது, அங்கே பிக் என்று சொன்னாலும் பிக்கர் என்று சொன்னாலும் படம் ஒன்றுதானே. ஒப்பிட வேண்டிய தேவையே இல்லாத படத்தைக் காட்டி ஒப்பிடச் சொன்னால் குழந்தை என்ன செய்யும்?

அதனால் இரண்டு பெரியதை ஒப்பிடச் சொல்லுங்கள், இரண்டு சின்னதை ஒப்பிடச் சொல்லுங்கள். எனக்குக் கைகொடுத்தது கிரகங்கள். எட்டு அட்டை வெட்டி வைத்துக்கொண்டோம். "சாட்டர்ன் இஸ் ஸ்மாலர் தேன் ஜூபிடர்" என்று நான் சொன்னதும் சண்டைக்கே வந்துவிட்டான், சனி எப்படி ஸ்மாலர் ஆகும், அது எவ்வளவு பெரியது என்று. பெரியதுதான், ஆனாலும் வியாழனுக்குப் பக்கத்தில் ஸ்மாலர். அதே மாதிரி "மார்ஸ் இஸ் பிக்கர் தேன் மெர்க்குரி", ஆனால் செவ்வாய் பெரிய கிரகம் இல்லை, பூமியை விடச் சின்னது. பிக்கர் என்று சொல்ல பிக்காக இருக்க வேண்டியதில்லை என்பது அந்த அட்டையில்தான் அவனுக்கு விழுந்தது.

இன்னொரு லாபமும் உண்டு. ஹாட்டெஸ்ட் எது என்றால் எல்லாக் குழந்தையும் புதன் என்றுதான் சொல்லும், சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால். ஆனால் வெள்ளிதான். அதன் கனமான கரியமில வாயு மண்டலம் சூட்டை வெளியே விடாது, அதனால் தரையில் 460 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். "மெர்க்குரி இஸ் நியரர், பட் வீனஸ் இஸ் ஹாட்டர்" என்று அவனே சொல்லிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினான். யுரேனஸ், நெப்டியூன் இரண்டையும் கையில் கொடுத்து எது பிக்கர் என்று கேட்டுப் பாருங்கள். யுரேனஸ் குறுக்களவில் பெரியது, நெப்டியூன் அதை விட நிறை அதிகம். "வைடர்" ஒன்று, "ஹெவியர்" இன்னொன்று. பிக்கர் என்றால் எதில் பிக்கர் என்று அவன் என்னைத் திருப்பிக் கேட்டான். அதற்கு மேல் நான் என்ன சொல்லிக்கொடுக்க?

---

பதில்: சொல்பொறுக்கி

ஈ.ஆரா மோரா என்ற கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன்.

வார்த்தையை அசை அசையாகச் சொல்லி, அசைக்கு ஒரு தடவை கைதட்டிப் பார்ப்பதுதான் குழந்தைக்குச் சொல்லக்கூடிய வழி. ஒரு தட்டு விழுகிற வார்த்தைக்கு ஈ.ஆர்., ஈ.எஸ்.டி. மூன்று தட்டுக்கு மோர், மோஸ்ட்: பியூட்டிஃபுல், டேஞ்சரஸ், எக்ஸ்பென்சிவ். இரண்டு தட்டுதான் வம்பு. கடைசியில் ஒய் இருந்தால் அதை ஐ ஆக்கி ஈ.ஆர்.: ஹேப்பி ஹேப்பியர், ஈஸி ஈஸியர், நாய்சி நாய்சியர். ஒய் இல்லாத இரண்டு தட்டு வார்த்தைகள் பெரும்பாலும் மோர் பக்கம் போகும்: கேர்ஃபுல், யூஸ்ஃபுல், ஃபேமஸ், போரிங். நேரோ, சிம்பிள், க்ளெவர் மாதிரி சிலது ஈ.ஆரும் எடுக்கும், க்ளெவரர் என்றாலும் மோர் க்ளெவர் என்றாலும் யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். அதற்கெல்லாம் எட்டு வயதில் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் இந்தக் கைதட்டு நம் வீடுகளில் கவிழ்கிற ஒரு இடம் இருக்கிறது, எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் அது இருக்காது. நாம் மெய்யெழுத்தில் முடிகிற வார்த்தைக்கு வாலில் ஒரு உகரம் போட்டுத்தான் பேசுவோம். பிக் என்பது "பிக்கு", லாங் என்பது "லாங்கு", ஸ்ட்ராங் என்பது "இஸ்ட்ராங்கு". குழந்தை அப்படிச் சொல்லித் தட்டினால் பிக்குக்கு இரண்டு தட்டு, ஸ்ட்ராங்குக்கு மூன்று தட்டு, உடனே "மோர் ஸ்ட்ராங்". அவளுடைய கணக்கு சரி, உச்சரிப்புதான் கணக்கைக் கெடுத்தது. தட்டுவதற்கு முன்னால் வாயை மூடி வார்த்தையை முடிக்கச் சொல்லுங்கள், பிக், அவ்வளவுதான், அதற்கு மேல் காற்று வரக்கூடாது. இதை ஒரு விளையாட்டாகவே செய்யலாம்.

தட்டுக் கணக்குக்கு அடங்காத சிலவும் உண்டு. டயர்ட், போர்ட் மாதிரி ஈ.டி.யில் முடிவது சின்னதாக இருந்தாலும் மோர்தான். ஃபன் ஒரே தட்டு, ஆனால் மோர் ஃபன். அன்ஹேப்பி மூன்று தட்டு, ஆனால் அன்ஹேப்பியர், உள்ளே ஹேப்பி ஒளிந்திருக்கிறது. எழுத்துக்கூட்டலில் ஒன்றே ஒன்று முக்கியம்: முடிவில் ஒரே ஒரு உயிரெழுத்து, அடுத்து ஒரே ஒரு மெய்யெழுத்து என்றால் அந்த மெய்யை இரட்டிக்க வேண்டும், பிக்கில் ஜி, ஹாட்டில் டி, தின்னில் என். ஸ்லோ, நியூ மாதிரி டபிள்யூவில் முடிந்தால் இரட்டிக்கக் கூடாது. கூல், டீப் மாதிரி இரண்டு உயிர் இருந்தால் அப்போதும் தேவையில்லை.

நேர்பேச்சு சொன்னதில் ஒரு பாதி சரி. பெட்டர், வர்ஸ் எல்லாம் எந்த விதியிலும் வராது. குட்டுக்கும் பெட்டருக்கும் வேரே வேறு, கோவுக்கு வென்ட் வந்து நிற்கிற மாதிரி. தமிழில் மட்டும் என்ன, "நான்" என்பதோடு ஐ சேர்ந்தால் "நானை" என்றா ஆகிறது, "என்னை" என்றுதானே ஆகிறது, அதை நாம் டேபிள் போட்டா படித்தோம்? பேசிப் பேசி வந்தது. பெட்டரும் அப்படியே வரட்டும், தினமும் நாலு தடவை காதில் விழுகிற வார்த்தைதானே.

நடுவில் "குட்டர்", "பேடர்" என்று சொன்னால் பதற வேண்டாம், உள்ளுக்குள் சந்தோஷப்படுங்கள். விதியைப் பிடித்துவிட்டாள் என்று அர்த்தம். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் இதே குட்டரைச் சொல்லித்தான் வளர்கிறார்கள். ஜீன் பெர்க்கோ என்ற ஆய்வாளர் 1958-இல், இல்லாத வார்த்தைகளைக் குழந்தைகளிடம் கொடுத்து அவர்கள் விதியைப் போடுகிறார்களா என்று பார்த்தார். வக் என்று ஒரு கற்பனைப் பிராணியைக் காட்டி, இரண்டு இருந்தால் என்ன என்று கேட்ட அந்தப் பரிசோதனைதான். அதே ஆய்வில், உடம்பில் கோலம் போட்ட மாதிரி இருந்த நாய்களைக் காட்டி க்விர்க்கி என்ற வார்த்தைக்கு ஈ.ஆர்., ஈ.எஸ்.டி. போடவும் கேட்டார். வக்குக்குப் பன்மை சொன்ன குழந்தைகள் இங்கே திணறினார்கள், அத்தனை பேரும் ஆங்கிலக் குழந்தைகள். எட்டு வயதில் உங்கள் பொண்ணு இரண்டாம் மொழியில் திணறுவதில் என்ன ஆச்சரியம்.

மோர் லாங்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷேக்ஸ்பியர் நாடகங்களிலேயே மோரையும் ஈ.ஆரையும் சேர்த்துப் போட்ட இடங்கள் உண்டு, அந்தக் காலத்தில் அது தப்பே இல்லை. பொண்ணு 400 வருடம் தாமதமாகப் பிறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

---

பதில்: மூணாங்கிளாஸ் அப்பா

எல்லோருக்கும் நன்றி. சாக்பீஸ் சார் சொன்ன மாதிரி சீட்டு எழுதி வைத்து ஐந்து நாள் ஓட்டினேன். முதல் நாள் சின்னவன் வந்து தேன் எங்கே, தேன் எங்கே என்று மேசை முழுக்கத் தேடினான், அவனுக்கு ஒன்றும் கிடைக்காத கோபத்தில் சீட்டைக் கசக்கிவிட்டான், மறுபடி எழுதினேன். இரண்டாம் நாள் முழுக்க அவளே பென்சிலை மாற்றி மாற்றி வைத்துச் சொன்னாள். மூன்றாம் நாள் ஈ.ஆர். துண்டை வேண்டுமென்றே எடுத்து ஒளித்து வைத்தேன், "அப்பா, தேன் இருக்கு, ஈ.ஆர். காணோம்" என்று கேட்டாள். அப்போதே பாதி கிணறு தாண்டிவிட்டோம் என்று தெரிந்தது.

நேற்று நடுப் பென்சிலை எடுத்தேன். லாங்கரா ஷார்ட்டரா என்றதும் ரொம்ப நேரம் பேசவே இல்லை, நானும் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன், கஷ்டமாகத்தான் இருந்தது. கடைசியில் "பாவம்ப்பா இது, இந்தப் பக்கம் பார்த்தா லாங்கர், அந்தப் பக்கம் பார்த்தா ஷார்ட்டர்" என்றாள். சொல்பொறுக்கி சொன்ன "இஸ்ட்ராங்கு" எங்கள் வீட்டில் அப்படியே இருக்கிறது. பொண்ணை விட நான்தான் அதிகமாகச் சொல்கிறேன்.

இப்போது சூப்பர்லேட்டிவ். இங்கே புதுத் தலைவலி. "மிக உயரமான மரம்" என்று எழுதியிருந்தால் ஒரு தடவை "வெரி டால் ட்ரீ" என்று எழுதுகிறாள், இன்னொரு தடவை "மோஸ்ட் டாலஸ்ட் ட்ரீ". தி என்பதை எங்கேயும் போடுவதில்லை. வெரியும் மிகவும் ஒன்றுதானே என்று கேட்கிறாள். ஒன்றுதானே?

---

பதில்: சாக்பீஸ்

அவள் கேட்பது நியாயம். "மிக" என்ற வார்த்தைதான் இந்தப் பாடத்தின் வில்லன். உரைநூல்களில் டால், டாலர், டாலஸ்டுக்குப் பக்கத்தில் "உயரமான, அதிக உயரமான, மிக உயரமான" என்று பொருள் போட்டிருப்பார்கள். யாராவது வாயால் அப்படிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? மிக உயரமான மரம் என்றால் ரொம்ப உயரமான ஒரு மரம், அவ்வளவுதான். அதை விட உயரமான மரம் பக்கத்திலேயே இருக்கலாம். அதற்கு வெரி டால் என்று எழுதுவதில் என்ன தப்பு?

நாம் நிஜமாகப் பேசும்போது சூப்பர்லேட்டிவை வேறு மாதிரிச் சொல்கிறோம். "இருக்கிறதிலேயே பெரியது", "வகுப்பிலேயே உயரம்", "மூணுலேயே இதுதான் சின்னது". அந்த "லேயே" இருக்கிறதே, அதுதான் நம் சூப்பர்லேட்டிவ். "மிக" என்ற வார்த்தையை நோட்டிலிருந்து அடித்துவிட்டு, "லேயே" காதில் விழுந்தால் ஆங்கிலத்தில் தி, ஈ.எஸ்.டி. இரண்டும் வர வேண்டும் என்று சொல்லுங்கள். தேனும் ஈ.ஆரும் ஒரு ஜோடி, தியும் ஈ.எஸ்.டி.யும் ஒரு ஜோடி. பழைய சீட்டு விளையாட்டேதான், சீட்டு மட்டும் வேறு. இதுதான் என்று நாம் விரல் நீட்டுகிறோமே, அந்த விரல்தான் தி.

"லேயே" இன்னொரு உபகாரமும் செய்யும். "லேயே" என்று சொல்ல வேண்டுமானால் எதிலேயே என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஆங்கிலத்திலும் அதே. இடமோ கூட்டமோ என்றால் இன்: இன் தி கிளாஸ், இன் தி வேர்ல்ட். எண்ணிக்கை என்றால் ஆஃப்: ஆஃப் தி த்ரீ. கூட்டத்தைச் சொல்லாத சூப்பர்லேட்டிவ் பாதி வாக்கியம்தான். ஃபாஸ்டஸ்ட் எது என்று வெறுமனே கேட்டால் ஒரு பிள்ளை சீட்டா என்கிற சிவிங்கிப்புலி என்னும், ஒரு பிள்ளை வல்லூறு என்னும், இரண்டும் சண்டை போடும். தரையில் ஓடுகிறவற்றிலேயே சீட்டா, மேலிருந்து பாய்கிற பறவைகளிலேயே பெரிக்ரின் வகை வல்லூறு, அது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பாயும். கூட்டத்தைச் சொன்னால் சண்டை முடிந்தது. வார்த்தை மாறினாலும் விடை மாறும் என்பதற்கு நான் மலையை எடுப்பேன். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட்தான் ஹையஸ்ட், 8,849 மீட்டர். ஹவாயில் மௌனா கியா என்று ஒரு எரிமலை இருக்கிறது, கடலுக்கு மேலே 4,207 மீட்டர்தான் தெரியும், ஆனால் கடலுக்கு அடியில் இருக்கிற அடிவாரத்திலிருந்து உச்சி வரை அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டும், அதனால் அதை டாலஸ்ட் என்கிறார்கள். பெரிய பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், உங்கள் பொண்ணுக்கும் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக வெரி. வெரி டால் சரி, வெரி டாலர் தப்பு. தமிழில் "ரொம்ப உயரம்", "அவனை விட ரொம்ப உயரம்" இரண்டுக்கும் ஒரே "ரொம்ப" என்பதால் நம் பிள்ளைகள் கட்டாயம் இங்கே விழுவார்கள். ஈ.ஆர். வந்துவிட்டால் வெரியைத் துரத்திவிட்டு மச் போடச் சொல்லுங்கள், மச் டாலர். கொஞ்சம் என்றால் எ பிட் டாலர்.

---

பதில்: நேர்பேச்சு

"லேயே" விஷயம் நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. டேபிளையும் பெட்டர், வர்ஸ், லெஸ், மோர் என்று அந்த நாலைந்து அடங்காப்பிடாரிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் போல.

ஆனால் ஒன்று. ஒரே வாக்கியத்தை மூன்று டிகிரியிலும் (பிக், பிக்கர், பிக்கஸ்ட்) மாற்றி எழுது என்று கேட்பார்களே, "நோ அதர் ப்ளானெட் இஸ் ஆஸ் பிக் ஆஸ் ஜூபிடர்", "ஜூபிடர் இஸ் பிக்கர் தேன் எனி அதர் ப்ளானெட்" என்று. அது வரும்போது என்ன செய்வதாக உத்தேசம்?

---

பதில்: சொல்பொறுக்கி

அது மூன்றாம் வகுப்பு வேலை இல்லை, அவசரமே வேண்டாம். இப்போதைக்கு "ஆஸ் டால் ஆஸ்" மட்டும் பழகட்டும், "அவள் அளவுக்கு நானும் உயரம்" என்று நம்மிடமும் இருப்பதுதான். பின்னால் அந்த மாற்றும் கணக்கு வரும்போது எல்லோரும் வழுக்குவது அதர் என்ற வார்த்தையில். தமிழில் "வியாழன் எல்லாக் கிரகத்தையும் விடப் பெரியது" என்று தாராளமாகச் சொல்வோம், வியாழனும் ஒரு கிரகம்தானே, தன்னை விடவும் பெரியதா என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலம் அந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பார்க்கும், அதனால்தான் "எனி அதர்". இரட்டைவால் அம்மாவின் கிரக அட்டையில் வியாழனைக் கையில் எடுத்துக்கொண்டு மீதி ஏழையும் காட்டினால் அதர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

---

பதில்: மூணாங்கிளாஸ் அப்பா

"மிக" என்பதை நோட்டில் அடித்தாயிற்று. இன்றைக்கு அவளாகவே எழுதியது: "மை ப்ரதர் இஸ் தி நாய்சியஸ்ட் ஆஃப் தி டூ." கைதட்டி, ஒய்யை ஐ ஆக்கி, தி போட்டு, எண்ணிக்கைக்கு ஆஃப் போட்டு, எல்லாம் இருக்கிறது. ஆனாலும் எங்கேயோ இடிக்கிறதே, இரண்டு பேர்தானே? எல்டர், ஓல்டர் இரண்டில் எதை எங்கே போடுவது, தம்பிக்கு அதன் எதிர்ப்பதம் என்ன என்றும் கேட்டாள், அதையும் யாராவது சொல்லுங்கள்.

---

பதில்: சாக்பீஸ்

இரண்டே பேர் என்றால் இலக்கணப்படி "தி நாய்சியர் ஆஃப் தி டூ". ஆனால் இப்போது சிவப்பு மையைத் தொடாதீர்கள், ஆங்கிலேயர்களே பேச்சில் இரண்டு பேருக்கும் ஈ.எஸ்.டி. போடுகிறார்கள், அவள் இவ்வளவு தூரம் சரியாக வந்திருக்கிறாள். எல்டர் குடும்பத்துக்குள் மட்டும், அதற்குப் பின்னால் தேன் வராது: "மை எல்டர் சிஸ்டர்" சரி, "ஷி இஸ் எல்டர் தேன் மீ" கூடாது, ஓல்டர் தேன் மீ. தம்பிக்கு யங்கர் போதும். சின்னவனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவரை அந்த நாய்சியஸ்ட் வாக்கியத்தை அவன் காதில் தமிழில் மட்டும் படித்துவிடாதீர்கள்.